கொடைக்கானல் தவளைக்கும் பிசிஆர் டெஸ்ட்: கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோவிட் நேரத்தில் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தது நினைவிருக்கிறதா? அதே மாதிரி ஒரு குச்சியால் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளின் வயிற்றையும் தொடையையும் தடவி, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள் விஞ்ஞானிகள். அங்கே நடப்பதும் பிசிஆர் டெஸ்ட்தான். தேடுவது மட்டும் வைரஸை இல்லை, ஒரு பூஞ்சையை.

சாதாரணப் பூஞ்சை இல்லை இது. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வின்படி, உலகம் முழுக்க 501 நீர்நிலவாழ் இனங்களின் எண்ணிக்கை சரிந்ததற்கு இந்தப் பூஞ்சை நோய் காரணம். அதில் 90 இனங்கள் காட்டிலிருந்தே அற்றுப்போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஒரே ஒரு நோயால் பல்லுயிர்களுக்கு ஏற்பட்டதாகப் பதிவான மிகப் பெரிய இழப்பு இதுதான் என்றும் அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இந்தப் பூஞ்சை இந்தியாவிலும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது 2011-லேயே பதிவாகிவிட்டது. ஆனால் பனாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த மாதிரி இங்கே தவளைகள் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை. அப்படியென்றால் எதற்குத் தேட வேண்டும்? தேடினால் எப்படித் தேடுவது? டெஸ்டில் 'பாசிட்டிவ்' வந்தால் பயப்படணுமா? பழனி மலையை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த வில்லன்?

முழுப் பெயர் பட்ராகோகிட்ரியம் டெண்ட்ரோபாட்டிடிஸ். வாயில் நுழையாது என்பதால் ஆராய்ச்சியாளர்களே சுருக்கமாக 'பிடி' என்றுதான் சொல்கிறார்கள். பிடி பருத்தியில் வரும் பிடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குழப்பம் வராமல் இருக்க, இதன் குடும்பப் பெயரைச் சொல்லி இந்தக் கட்டுரையில் 'கிட்ரிட் பூஞ்சை' என்றே அழைப்போம்.

ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் தவளைகள் ஏன் சாகின்றன என்பது பல ஆண்டுகள் மர்மமாகவே இருந்தது. 1998-ல்தான் இந்தப் பூஞ்சையைக் குற்றவாளியாக அடையாளம் கண்டார்கள். அடுத்த ஆண்டு அதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள். வாஷிங்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த ஒரு நீல நிற விஷத் தவளையிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை அது.

பூஞ்சை என்றதும் ரொட்டியில் பூக்கும் பச்சைப் பாசம் நினைவுக்கு வரும். இது அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. இதன் வித்து ஒரு மில்லிமீட்டரில் சுமார் 200-ல் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. அந்த வாலை ஆட்டித் தண்ணீரில் நீந்தும். தவளையின் தோலைத் தொட்டதும் உள்ளே புகுந்து குடம் மாதிரி ஒரு பையாக வளரும். நான்கைந்து நாளில் அந்தப் பையிலிருந்து புதிய வித்துகள் வெளியே நீந்தி வரும். சில அதே தவளையின் தோலிலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும், சில தண்ணீரோடு போய்விடும்.

தோல் நோய்தானே, அதற்கா சாகும் என்று தோன்றலாம். தவளைக்குத் தோல் வெறும் போர்வை இல்லை. அது தண்ணீர் குடிப்பது தோலால். மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகத்தான். சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவைச் சமநிலையில் வைப்பதும் தோல்தான். பூஞ்சை அதிகமானால் இந்த வேலை கெடுகிறது, ரத்தத்தில் உப்புகள் குறைகின்றன, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்கியது.

தலைப்பிரட்டைகள் மட்டும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பூஞ்சைக்குத் தேவையான கெரட்டின் என்ற புரதம் அவற்றின் வாய்ப்பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அவை பூஞ்சையைச் சுமந்துகொண்டு நீந்தும். வளர்ந்து தவளையாகி, உடம்பு முழுக்கக் கெரட்டின் தோல் வந்த பிறகுதான் ஆபத்து. அதனால் ஓடை நிறையத் தலைப்பிரட்டைகள் இருக்கின்றன என்பதை வைத்து மட்டும் "இங்கே எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட முடியாது.

மனிதர்களுக்கு இது தொற்றாது. நம் உடம்பின் 37 டிகிரி சூடு அதற்கு ஆகாது.

சரி, இதில் கொடைக்கானல் எங்கே வருகிறது?

அந்த வெப்பநிலை விஷயத்தில்தான் வருகிறது. கிட்ரிட் பூஞ்சைக்குப் பிடித்தது 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை. 28-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுபோகும். மதுரையின் மே மாத வெயிலில் அதற்கு வாழ்வில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கோடையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியைச் சுற்றியே இருக்கும் கொடைக்கானல் அதற்கு ஏற்ற இடம். நாம் எதற்காக மலையேறுகிறோமோ, அதே குளிர்ச்சிதான் பூஞ்சைக்கும் வேண்டும்.

உலக அளவில் பார்த்தாலும் வெப்ப மண்டலத்தில் இந்த நோய் அதிகம் அழித்தது சமவெளித் தவளைகளை அல்ல, ஈரமான மலைக்காடுகளின் தவளைகளை. அவற்றுக்கு வேறு போக்கிடமும் இல்லை. மலையுச்சி அவற்றுக்கு ஒரு தீவு மாதிரி. சுற்றிலும் உள்ள வெப்பமான சமவெளிதான் கடல்.

பழனி மலை அப்படி ஒரு தீவு. மேற்குத் தொடர்ச்சியிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டிருக்கும் இந்த மலையில் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி இருந்தன. ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டதில் புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமுள்ள பகுதிகளைச் சேர்த்து 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

இங்கே இருக்கும் ஒரு தவளைக்கு ஊர்ப் பெயரே பெயர்: கொடைக்கானல் புதர்த்தவளை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். 2006-ல்தான் எஸ்.டி.பிஜு, ஃபிராங்கி போசுய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். எத்தனையோ தலைமுறையாக இரவில் கத்திக்கொண்டிருந்த தவளைக்கு அறிவியல் பெயர் கிடைத்து இன்னும் ஒரு தலைமுறைகூட ஆகவில்லை.

இந்தக் குடும்பத்துப் புதர்த்தவளைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஓடையில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியானால் தண்ணீரில் நீந்தும் பூஞ்சையிடமிருந்து தப்பித்துவிடுமா? அதை நம்பி இருக்க முடியாது. மத்திய அமெரிக்காவில் இதே மாதிரி தலைப்பிரட்டைப் பருவம் இல்லாத தவளை இனங்களும் கடுமையாக அடிவாங்கின. பூஞ்சைக்கு ஓடைதான் வேண்டும் என்றில்லை. ஈர இலையும் ஈரத் தோலும் போதும்.

முன்பெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆரம்பத்தில் தவளையின் விரல் நுனியை வெட்டி எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நோய் முற்றியிருந்தால் தெரியும். ஆரம்ப கட்டமாக இருந்தாலோ, வெட்டிய துண்டில் பூஞ்சை இல்லாவிட்டாலோ தெரியாது.

இன்னொரு வழி, ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. கிட்ரிட் பூஞ்சை மெதுவாக வளரும். தவளைத் தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதற்குள் தட்டு முழுவதையும் பிடித்துவிடும். பொறுமையும் கைத்திறமையும் உள்ள சிலருக்கே அது கைகூடும்.

2004-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கொண்டுவந்த ரியல் டைம் பிசிஆர் முறை இந்த நிலைமையை மாற்றியது. விரலை வெட்ட வேண்டாம், பூஞ்சையை வளர்க்கவும் வேண்டாம். தோலைத் தடவிய குச்சி போதும். ஒரே ஒரு வித்து ஒட்டியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நுட்பமானது அது.

குச்சியில் இருந்து ரிசல்ட் வரை

வேலை இரவில், காட்டில் தொடங்குகிறது. ஒரு தவளைக்கு ஒரு குச்சி, ஒரு ஜோடிக் கையுறை. ஒரே கையுறையோடு அடுத்த தவளையைப் பிடித்தால் ஆராய்ச்சியாளரே நோயைப் பரப்பிவிடுவார், டெஸ்டையும் கெடுத்துவிடுவார். வயிறு, தொடை, விரல் இடுக்கு என்று பூஞ்சை அதிகம் தங்கும் இடங்களைத் தடவிவிட்டு, பிடித்த இடத்திலேயே தவளையை விட்டுவிடுவார்கள்.

ஆய்வகத்தில் முதலில் குச்சியில் இருக்கும் டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பார்கள். அதில் தவளையின் டிஎன்ஏ இருக்கும், பாக்டீரியாவின் டிஎன்ஏ இருக்கும், வேறு நூறு பூஞ்சைகளின் டிஎன்ஏவும் இருக்கும். இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைத் தேட வேண்டும்.

அதற்குத்தான் பிரைமர். கிட்ரிட் பூஞ்சையின் டிஎன்ஏவில் மட்டும் இருக்கும் ஒரு வரிசையோடு கச்சிதமாகப் பொருந்தும்படி செய்த சிறு டிஎன்ஏ துண்டு அது. பூட்டுக்கு ஏற்ற சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருந்திவிட்டால் அந்தப் பகுதி மட்டும் நகலெடுக்கப்படும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்று முடிந்தால் ஒரு துண்டிலிருந்து 107 கோடி நகல்கள். நகல்கள் பெருகப் பெருக ஒளிரும் ஒரு சாயமும் கூடச் சேர்க்கப்படுவதால், எந்தச் சுற்றில் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கிறது என்பதை மெஷின் குறித்துக்கொள்ளும். கோவிட் ரிப்போர்ட்டில் 'சிடி வேல்யூ' என்று ஒரு எண் வந்ததே, அதேதான். எண் குறைவாக இருந்தால் கிருமி அதிகம். எண் கூடினால் கிருமி குறைவு.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், தவளை சாகுமா பிழைக்குமா என்பது பூஞ்சை 'இருக்கிறதா' என்பதை விட 'எவ்வளவு இருக்கிறது' என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 2010 வாக்கில் நடந்த ஆய்வில், ஒரு தவளையிடம் சுமார் 10,000 வித்துகளுக்குச் சமமான டிஎன்ஏ சேரும் கட்டத்தில்தான் கூட்ட மரணம் தொடங்குவதைக் கவனித்தார்கள். அதற்குக் கீழே இருந்தவரை தவளைகள் நோயோடு வாழ்ந்தன.

இந்தியப் பூஞ்சைக்கு ஏன் தனி சாவி?

இதுதான் நம் ஊருக்கான முக்கியமான பகுதி.

2004-ல் வந்த டெஸ்ட், உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்ற வகையை வைத்து வடிவமைக்கப்பட்டது. அது தேடும் இடம் 'ஐடிஎஸ்' என்ற டிஎன்ஏ பகுதி. பூஞ்சையின் ஒவ்வொரு செல்லிலும் இந்தப் பகுதி பல பிரதிகளாக இருக்கும். அதனால் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, எத்தனை பிரதிகள் இருக்கும் என்பது வகைக்கு வகை மாறும். ஒரு வகையில் பத்துப் பிரதி என்றால் இன்னொன்றில் நூறுக்கு மேல். ஆக, ஒரே சிடி எண் வந்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு பூஞ்சை இருப்பதாக அர்த்தம் இல்லை. இரண்டு, இந்தப் பகுதியின் எழுத்து வரிசையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பூட்டில் ஒரு பல் மாறினாலும் சாவி சரியாகச் சேராது. பூஞ்சை இருந்தும் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' வந்துவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் 2011-ல் முதல் பதிவு வந்த பிறகு, 2013-ல் மலையின் வடபகுதியில் நடந்த ஆய்வு, இங்கே இருப்பது ஆசியாவுக்கே உரிய வகை என்று காட்டியது. அந்த ஆய்வில் கோயம்புத்தூரில் இயங்கும் ஜூ அவுட்ரீச் அமைப்பின் சஞ்சய் மோளூரும் இருந்தார். 2018-ல் ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் வாசுதேவன் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தியாவில் தொற்று விகிதம் குறைவு, ஆனால் பூஞ்சையின் ஐடிஎஸ் வகைகள் ஏராளம் என்பது அதன் முடிவு.

அதே 2018-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய சர்வதேச மரபணு ஆய்வு வந்தது. இந்தப் பூஞ்சையின் பூர்வீகம் கிழக்கு ஆசியா, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது உலகுக்குப் பரவத் தொடங்கியது, பரவியதில் நீர்நிலவாழ்விகளின் வணிகத்துக்குப் பங்கு உண்டு என்று அது சொன்னது.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஆசியத் தவளைகளும் ஆசியப் பூஞ்சை வகைகளும் நீண்ட காலமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒன்றுக்கொன்று பழகிவிட்டிருக்கலாம். இங்கே கூட்ட மரணம் இல்லாததற்குப் பல ஆய்வாளர்கள் முன்வைக்கும் காரணம் இது. ஆனால் இந்தப் பழக்கம் உள்ளூர் வகையோடுதான். வெளியிலிருந்து கொடிய வகை ஒன்று வந்து சேர்ந்தால் இதே பாதுகாப்பு கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால் "பூஞ்சை இருக்கா?" என்று கேட்டால் போதாது, "எந்த வகை?" என்றும் கேட்க வேண்டும். இதற்காகச் சிசிஎம்பி குழு ஆஸ்திரேலிய, பனாமா ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு புதிய டெஸ்ட்டை உருவாக்கியது. மூன்று நாட்டு மாதிரிகளிலும் அது வேலை செய்கிறது. தவளைகளில் மட்டுமல்லாமல் சாலமாண்டரிலும், மண்புழு மாதிரி இருக்கும் காலில்லாத நீர்நிலவாழ்வியான சிசிலியனிலும் பயன்படுகிறது. 'பாசிட்டிவ்' வந்த மாதிரியின் டிஎன்ஏ வரிசையை முழுதாகப் படித்துப் பார்த்தால், அது உள்ளூர் வகையா வெளியூர் வகையா என்பதும் தெரிந்துவிடும்.

தவளையைத் தொடாமலே தேட முடியுமா?

முடியும். பூஞ்சை தண்ணீரில் நீந்துகிறது என்பதால் தண்ணீரையே சோதிக்கலாம். 2007-லேயே குளத்து நீரிலிருந்தும் அடி வண்டலிலிருந்தும் கிட்ரிட் பூஞ்சையின் டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டினார்கள். இதற்குச் 'சூழல் டிஎன்ஏ' முறை என்று பெயர்.

ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து, மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டி வழியாகச் செலுத்துவார்கள். துளையின் அளவு 0.22 மைக்ரான். வித்தின் அளவு 3 முதல் 5 மைக்ரான். வித்து வடிகட்டியில் நின்றுவிடும். அந்த வடிகட்டியிலிருந்து டிஎன்ஏ எடுத்து அதே பிசிஆர். இரவெல்லாம் தவளை பிடிக்கத் தேவையில்லை, தவளைக்கும் தொந்தரவு இல்லை, ஒரே நாளில் பல ஓடைகளைப் பார்த்துவிடலாம்.

சோலை ஓடைகளில் இதற்கு ஒரு தடை வரும். இலைகள் மட்கி ஊறிய தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணமான ஹியூமிக் அமிலம் பிசிஆர் வினையையே முடக்கிவிடும். பூஞ்சை இருந்தாலும் மெஷின் 'இல்லை' என்று சொல்லும். இதைச் சமாளிக்க, ஒவ்வொரு மாதிரியிலும் அளவு தெரிந்த வேறொரு டிஎன்ஏவை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். அதுவும் தெரியவில்லை என்றால் டெஸ்ட்தான் வேலை செய்யவில்லை என்று புரிந்துகொண்டு, மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுவார்கள். மறுபக்கம், சுத்தமான நீரை மட்டும் வைத்தும் ஒரு டெஸ்ட் ஓடும். அதில் 'பாசிட்டிவ்' வந்தால் ஆய்வகத்திலேயே எங்கோ கலந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் டெஸ்ட்டுக்கு எட்டாத இடமும் உண்டு. ஓடைப் பக்கமே போகாத புதர்த்தவளையிடம் இருக்கும் பூஞ்சை தண்ணீர் பாட்டிலில் சிக்காமல் போகலாம். அதற்குக் குச்சிதான் வேண்டும்.

'பாசிட்டிவ்' என்றால் என்ன, 'நெகட்டிவ்' என்றால் என்ன?

'பாசிட்டிவ்' என்றால் பூஞ்சையின் டிஎன்ஏ இருக்கிறது என்று அர்த்தம். அது உயிரோடு இருக்கும் வித்தா, செத்ததா என்று பிசிஆருக்குத் தெரியாது. தவளைக்கு நோய் வந்துவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. நோய் என்று சொல்ல, பூஞ்சையின் அளவும் தவளையின் நிலையும் சேர்ந்து தெரிய வேண்டும். பகலில் திறந்த வெளியில் அசையாமல் கிடப்பது, தோல் அளவுக்கு மீறி உரிவது, தொட்டாலும் குதிக்காமல் இருப்பது போன்றவை அறிகுறிகள்.

'நெகட்டிவ்' இன்னும் சிக்கலானது. ஒரு சோலையில் 100 தவளைக்கு 5 தவளையிடம் பூஞ்சை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 தவளைகளை மட்டும் சோதித்தால், ஒன்றுகூடச் சிக்காமல் போக 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. "10 பார்த்தோம், ஒன்றிலும் இல்லை, இந்தச் சோலை சுத்தம்" என்று சொன்னால் பாதிக்கு மேல் தப்பாகப் போகும். 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமென்றால் சுமார் 60 தவளைகளையாவது பார்க்க வேண்டும். அதுவும் டெஸ்ட் ஒன்றைக்கூடத் தவறவிடாது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. இந்தியாவில் தொற்று விகிதம் குறைவு என்பதால் இந்தக் கணக்கு இங்கே ரொம்ப முக்கியம். குறைவாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்க நிறையத் தேட வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் இல்லாதது மழைக்குப் பிறகு இருக்கலாம். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதாது, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

சாவு வரும் முன்பே ஏன் தேடணும்?

பனாமாவில் எல் கோப்பே என்ற மலைக்காடு இருக்கிறது. பூஞ்சை அந்தத் திசையில் நகர்ந்து வருவதைக் கணித்த கேரன் லிப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, அது வந்து சேரும் முன்பே அங்கே தவளைகளைக் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டது. 2004-ல் பூஞ்சை வந்தது. சில மாதங்களிலேயே ஓடைக்கரையெங்கும் செத்த தவளைகள்.

முன்பே சேர்த்து வைத்த மாதிரிகளின் டிஎன்ஏவைப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த ஒரே இடத்தில் 30 இனங்கள் காணாமல் போயிருந்தது தெரிந்தது. அதில் 5 இனங்களுக்கு அதுவரை பெயரே வைக்கப்படவில்லை. முன்கூட்டியே மாதிரி எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், அப்படி ஐந்து தவளைகள் அங்கே இருந்தன என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. கொடைக்கானல் புதர்த்தவளைக்குப் பெயர் கிடைத்ததே 2006-ல் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

தவளை போனால் நமக்கென்ன?

கொசு. கோஸ்டா ரிகாவிலும் பனாமாவிலும் தவளைகள் அழிந்த பிறகு, அந்தந்தப் பகுதிகளில் மலேரியா கூடியதை 2022-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் கூடுதலாக மலேரியாவில் படுத்தார். கொசுவையும் கொசுப்புழுவையும் தின்பதற்குத் தவளையும் தலைப்பிரட்டையும் இல்லாமல் போனதுதான் காரணம் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

நமக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. வெளிநாட்டு உணவகங்களுக்காகத் தவளைக் கால்களை டன் கணக்கில் ஏற்றுமதி செய்த நாடு இந்தியா. வயல்களில் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைகின்றன என்ற எதிர்ப்பு வலுத்த பிறகு, 1987-ல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

கொடைக்கானல் போகும் நாம் என்ன செய்யலாம்?

கிட்ரிட் பூஞ்சையின் வித்துகள் ஏரி நீரில் 7 வாரம் வரை உயிரோடு இருக்கும் என்று ஆய்வகச் சோதனையில் தெரியவந்தது. ஈர மணலில் அதைவிட அதிக நாள் தாங்கும். ஆனால் காய்ந்துபோனால் செத்துவிடும். நாம் செய்யக்கூடியதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிடைக்கிறது.

காலையில் ஓர் அருவி, மதியம் இன்னோர் ஓடை, மறுநாள் மூணாறு என்று சுற்றும்போது நம் ஷூவின் அடியில் ஒட்டிய ஈரச் சேறும் கூடவே சுற்றுகிறது. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமாகும் அளவுக்கு அங்கே கூட்டம். அதனால்:

• ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் ஷூவிலும் செருப்பிலும் ஒட்டிய சேற்றைத் தேய்த்து எடுங்கள். முடிந்தால் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

• டிரெக்கிங் போகிறவர்கள் ஊருக்குத் திரும்பியதும் ஷூ, கயிறு, கூடாரத் துணி எல்லாவற்றையும் கழுவி முழுதாகக் காயவைத்த பிறகே அடுத்த மலைக்கு எடுத்துச் செல்லுங்கள். பிளீச்சிங் கரைசலில் கழுவலாம். ஆனால் அதை வீட்டில் செய்யுங்கள். அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்தால் தவளைக்கு அதுவே விஷம்.

• போட்டோவுக்காகத் தவளையைக் கையில் எடுக்காதீர்கள். தலைப்பிரட்டையைப் பாட்டிலில் பிடித்து வேறு குளத்தில் விடாதீர்கள்.

• வெளிநாட்டுத் தவளை, சாலமாண்டர், நீர்வாழ் செடி போன்றவற்றை வளர்ப்பவர்கள், அந்தத் தொட்டித் தண்ணீரை ஓடையிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது. கொடிய வகை ஒன்று உள்ளே வர இது ஒரு வழி.

• ஒரே இடத்தில் பல தவளைகள் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் தொடாமல் போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். செத்த தவளையின் டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு தூரம் அந்த மாதிரி டெஸ்ட்டுக்குப் பயன்படும்.

அடுத்த முறை மழை நாளில் வட்டக்கானல் பக்கம் தங்கினால், ராத்திரி பத்து நிமிடம் வெளியே நின்று கேளுங்கள். புதருக்குள்ளிருந்து தவளைச் சத்தம் வரும். தேதியும் இடமும் சேர்த்துப் போனில் ரெக்கார்ட் செய்து வையுங்கள். இன்றைக்கு அங்கே தவளைகள் இருந்தன என்பதற்கு அதுவும் ஒரு பதிவுதான்.